முந்திரிக் கணக்கு

என் அப்பாருக்கு முந்திரி நன்றாகத் தெரியும். ஆனால் அவர் அதைத் தின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர் அறிந்த முந்திரி, ஒன்றை 320 கூறாக்கினால் அதில் ஒரு கூறு. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா. ஐந்து மா சேர்ந்தால் கால். இதைச் சொல்லத் தொடங்கினால் அவர் குரலில் ஒரு ராகம் வந்துவிடும். தலை தானாக ஆடும். எழுபது வயதுக் கிழவர் அந்த நேரத்துக்கு மட்டும் ஏழு வயதுப் பிள்ளையாகிவிடுவார்.

கொங்கு நாட்டில் தந்தையைப் பெற்றவரை அப்பாரு என்றும், அவர் மனைவியை ஆத்தா என்றும் அழைப்பது வழக்கம். மற்ற ஜில்லாக்காரர்கள் குழம்பிவிடக் கூடாதே என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. களத்தில் நிலக்கடலை காய்ந்து கிடந்தது. வாங்க வந்த வியாபாரி சட்டைப் பையிலிருந்து ஒரு கால்குலேட்டரை எடுத்தார். எங்கள் ஊருக்கு அது அப்போது புதுசு. முதல் மூட்டையை நிறுத்ததில் நாற்பத்து மூன்று கிலோ நின்றது. கிலோ ஏழேகால் ரூபாய் என்று பேச்சு.

"இருங்க பெரியவரே, மிஷின்ல போட்டுச் சொல்லிப்போடறேனுங்" என்றார் வியாபாரி.

அப்பாரு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "முன்னூத்திப் பதினொண்ணே முக்கால்" என்றார்.

வியாபாரி அவசரத்தில் ஏதோ ஒரு பொத்தானைத் தப்பாக அமுக்கியிருப்பார் போலும்; எண்ணூற்றுச் சொச்சம் வந்தது. மறுபடி போட்டார். 311.75 வந்தது. "சரியாத்தானுங் இருக்குது" என்றார், சிறிது ஏமாற்றத்தோடு.

எனக்கோ தாள முடியாத ஆச்சரியம். "எப்படி அப்பாரு?" என்றேன்.

"நாப்பத்தி மூணுக்கு ஏழு முன்னூத்தி ஒண்ணு. காலுக்குப் பத்தே முக்கால். இதுக்கு எதுக்குக் கண்ணு மிஷினு?"

அப்பாரு படித்தது திண்ணைப் பள்ளியில் இரண்டரை வருஷம். மணலில் விரலால் எழுதிப் பழகினார். அவர் காலத்தில் சிலேட்டு வந்துவிட்டது. அவருக்கு முந்திய தலைமுறை பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியது. பாடப் புத்தகம் என்று அவர்களுக்கு இருந்தது எண்சுவடி ஒன்றுதான். அதில் வெறும் வாய்பாடு மட்டும் இல்லை. முந்திரியிலிருந்து முக்கால் வரை கீழ்வாய் எண்கள் ஒவ்வொன்றுக்கும் பெருக்கல் உண்டு. நெல்லை அளக்க நெல்லிலக்கம் உண்டு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்று கலம் வரை ஏறிப் போகும். பொன்னுக்குப் பொன்னிலக்கம். நிலத்தின் நீள அகலத்தைக் குழியாக்கக் குழிமாற்று. முந்திரிக்கும் கீழே போனால் கீழ்முந்திரி. அது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, அதாவது ஒன்றை 1,02,400 கூறாக்கிய ஒரு கூறு. அதற்கும் கீழே இம்மி. "இம்மியும் பிசகாமல்" என்று நாம் இன்றைக்கும் பேசுகிறோமே, அந்த இம்மிதான்.

இத்தனையும் பிள்ளைகள் மனத்தில் ஏற வேண்டும். சாயங்காலம் வரிசையாக நின்று சட்டாம்பிள்ளை ஒரு அடி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்த முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதைக் கையாண்டு பார்த்துவிட்டு, 1797இல் இங்கிலாந்தில் புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்று பெயர் கிடைத்தது. நம்முடைய சரக்கைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டுப் பிறகு அதையே விலை கொடுத்து வாங்குவது நமக்குப் பஞ்சில் மட்டும் ஏற்பட்ட அனுபவம் அல்ல.

இந்தத் திண்ணைப் பள்ளிகள் எத்தனை இருந்தன என்பதற்கு நல்ல வேளையாகக் கணக்கு இருக்கிறது. 1822இல் சென்னை ராஜதானி கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள் என்று எழுதி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். உதகமண்டலத்தை உண்டாக்கிய அதே மனிதர். அவர் அந்த ஆண்டே பதில் அனுப்பிவிட்டார். இன்றைய ஈரோடு, திருப்பூர், கரூர்ப் பகுதிகளெல்லாம் அன்று கோயமுத்தூர் ஜில்லாவுக்குள் அடக்கம். ஜனத்தொகை 6,38,199. பள்ளிகள் 763. மாணவர்கள் 8,206. பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சராசரி பதினொரு பிள்ளைகள் என்று ஆகிறது. இன்று அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியர்கள் இந்த எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

ராஜதானி முழுவதற்கும் 12,498 பள்ளிகள் என்று மன்றோ 1826இல் எழுதி வைத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1931இல், லண்டனில் பேசிய காந்தியடிகள் வெள்ளையர் வந்து நம் கல்வி என்னும் அழகிய மரத்தின் வேரைத் தோண்டிவிட்டார்கள் என்ற பொருள்படச் சொன்னார். சர் பிலிப் ஹார்டாக் என்ற கல்வியாளர் அதற்கு ஆதாரம் கேட்டு விடாப்பிடியாக வாதாடினார். மன்றோ காலத்து அறிக்கைகளையெல்லாம் தேடிப் பிடித்து 1983இல் புத்தகமாக வெளியிட்டவர் தரம்பால். அதைப் புரட்டியபோதுதான் நம் ஜில்லாவின் எண்களை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பாருடைய ராகம் காதில் ஒலித்தது. ஆகா, என்ன பொற்காலம் என்று பூரித்தேன்.

ஆனால் எண்களுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதியில் நிறுத்திவிட்டுப் போக விடாது. அந்த 8,206 பேரில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? 82 பேர். 'இதர சாதியார்' என்ற கட்டத்தில் 226 பேர். என் ஆத்தாவைப் பெற்ற பாட்டிக்குப் பாட்டியும் அந்த 82இல் இருந்திருக்க மாட்டாள். ஆத்தா பால் கணக்கை மாட்டுச் சாளையின் சுவரில் கரியால் கோடு கோடாக இழுத்து வைத்தாள். மாசக் கடைசியில் அப்பாரு வந்து அந்தக் கோடுகளை எண்ணி எத்தனை ரூபாய் என்று சொல்லுவார். ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்தத் தொகையைச் சரிபார்த்ததே கிடையாது. எப்படிப் பார்ப்பாள்?

ஆத்தாவாவது வீட்டு மனுஷி. எங்கள் பண்ணையத்தில் ஒருவர் வேலை செய்தார். அறுவடைக் கூலி கம்பாகவும் சோளமாகவும் அளந்து கொடுப்பது அந்தக் காலத்து வழக்கம் என்று என் தந்தை சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பாரு பித்தளைப் படியால் அளந்தபடியே கணக்குச் சொல்வார். முன்பு வாங்கிய கடன் இவ்வளவு, அதற்குப் பிடித்தம் இவ்வளவு, மீதி இவ்வளவு என்று காலும் அரைக்காலும் அவர் வாயில் துள்ளி விளையாடும். எதிரே நின்றவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சரிங்க சாமி" என்பார். அப்பாரு அவரை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றினாரா இல்லையா என்று அந்த மனிதர் தெரிந்துகொள்ள வழியே இல்லை என்று சொல்லுகிறேன். 763 பள்ளிகளின் பெருமையைப் பேசும்போதெல்லாம் அந்தத் துண்டு என் கண்ணில் உறுத்துகிறது.

இருக்கட்டும். கணக்கின் தரம் எப்போது விழ ஆரம்பித்தது?

அப்பாருவைக் கேட்டால், "உங்கப்பன் காலத்துல" என்பார். என் தந்தையோ தயங்காமல் என்னைக் கை காட்டுவார். அப்பாருடைய வாத்தியாரோ, "உங்களுக்குக் கீழ்முந்திரி தெரியுமாடா, பசங்களா? படிப்பெல்லாம் எங்களோடு போச்சு" என்று சொல்லிச் சொல்லி அடிப்பாராம். இதற்கும் முன்னால் போய்ப் பார்த்தால், பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823இல் எழுதிய அறிக்கை இருக்கிறது. காலையில் பள்ளிக்கு முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்குச் சுழி. மூன்றாவதுக்கு ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு அடி என்று ஏறிக்கொண்டே போகும் என்று அவர் எழுதியிருக்கிறார். தண்டனையே ஒரு வாய்பாடு! அதே அறிக்கையில் அவர் என்ன குறைப்படுகிறார்? முன்பு பள்ளி இருந்த ஊர்கள் பலவற்றில் இப்போது பள்ளி இல்லை. தேசத்தில் வறுமை மிகுந்துவிட்டது. பிள்ளைகள் பொருள் அறியாமல் கிளிப்பிள்ளை போலச் செய்யுள்களை ஒப்பிக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் புலம்பல் இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

ஆனாலும் எல்லாம் கிழவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. எண்சுவடி செத்தது பிள்ளைகளின் மூளை மழுங்கியதால் அல்ல. அது அளந்த பொருள்கள் ஒவ்வொன்றாக மறைந்ததால். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சர்க்கார் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் வந்து பரீட்சை வைப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி பணம். இன்ஸ்பெக்டருக்கு முந்திரியும் மாவும் வேண்டாம். அச்சுப் புத்தகத்துக் கணக்குகள் போதும். வாத்தியாரும் வயிறு உள்ளவர்தானே? பிறகு 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அணா போய் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்தது 100 காசு என்று ஆயிற்று. ஓர் அணாவுக்குச் சரியான மாற்று ஆறேகால் காசு. கால் காசு கிடையாதாகையால் 6 காசு என்று சர்க்கார் வைத்தது. நாலணாவுக்கு 25. நான்கு தடவை ஓர் அணா கொடுத்தால் 24. அந்த ஒரு காசு எங்கே போயிற்று என்று அப்பாரு பல நாள் திண்ணையில் உட்கார்ந்து விசாரித்ததாக வீட்டில் சொல்லுவார்கள். அதன் பின்னோடு கிலோவும் லிட்டரும் வந்தன. வள்ளமும் வீசையும் போயின. அவற்றோடு ஒட்டியிருந்த வாய்பாடுகளும் போயின. அது நியாயந்தான், நூறால் வகுப்பது எளிது. அதற்காக நான் அழமாட்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா படித்துக்கொண்டிருந்த ஒருநாள் அப்பாரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினைந்தரைக்குப் பதினைந்தரை எத்தனை என்று கேட்டார். நான் காகிதத்தைத் தேடினேன். "இருநூத்தி நாப்பதே கால்" என்று அவரே சொல்லிவிட்டார்.

"எப்படி?"

"பதினஞ்சுக்கு அடுத்தது பதினாறு. ரெண்டையும் பெருக்கு, எரநூத்தி நாப்பது. காலைச் சேரு. எந்த அரைக்கும் இதேதான்."

"ஏன் அப்படி வருது?"

"ஏன்னா? வாத்தியாரு அப்பிடித்தான் சொன்னாரு."

அன்று வகுப்பில் நடத்திய இருபடிச் சூத்திரத்தை நோட்டில் எழுதினேன். ஏதாவது ஒரு எண், அதோடு ஓர் அரை. இரண்டையும் கூட்டி வர்க்கப்படுத்தினால், எண்ணின் வர்க்கம், நடுவில் எண்ணின் இரு மடங்கில் பாதி, அதாவது அந்த எண்ணே, கடைசியில் கால். எண்ணின் வர்க்கத்தோடு எண்ணைக் கூட்டினால் அது எண்ணையும் அடுத்த எண்ணையும் பெருக்கியதுதானே? அப்பாரு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக்களின் பொருளை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை அவரே விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"அப்ப அந்த வாத்தியாரு சொன்னது நெசந்தான்" என்றார்.

அறுபது வருஷத்துக்குப் பிறகு ஒரு மாணவன் தன் ஆசிரியருக்குக் கொடுத்த சான்றிதழ் அது. அவரிடம் விடை இருந்தது. என்னிடம் காரணம் இருந்தது. அன்று எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒரு முழுக் கணக்கறிஞன்.

என் அண்ணன் மகன் பிளஸ் டூ படித்தது ஒரு விடுதிப் பள்ளியில். நாமக்கல் வட்டாரம் முட்டைக்கும் லாரிக்கும் பேர்போனது போலவே இப்படிப்பட்ட பள்ளிகளுக்கும் பேர்போனது என்பது தமிழ்நாட்டுப் பெற்றோர்களுக்குத் தெரியும். ஊரிலேயே 'பிராய்லர் பள்ளி' என்று கேலிப் பெயரும் வைத்துவிட்டார்கள். பல இடங்களில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு வருஷமும் நடத்தினார்கள். கணக்குகளை மனப்பாடம் செய்தார்கள், ஆம், கணக்குகளை! எந்தப் பக்கத்தில் எத்தனையாவது கணக்கு என்று சொன்னால் பையன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒப்பித்துவிடுவான். அவன் 200க்கு 200 வாங்கினான். வீட்டில் லட்டு செய்தோம். "வகைக்கெழு எதற்குடா உபயோகம்?" என்று கேட்டேன். "பத்து மார்க்குக்குச் சித்தப்பா" என்றான். அவன் கேலிக்குச் சொல்லவில்லை. பொறியியல் கல்லூரியின் முதல் வருஷக் கணக்கில் அவன் இரண்டு தடவை தவறினான்.

இந்த நோய்க்கு மருந்தாக 2017இல் அரசாங்கம் ராங்க் அறிவிப்பை நிறுத்தியது. அந்தக் கல்வியாண்டிலேயே பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். மருந்து மாறுகிறது.

பள்ளிகள் நூற்றுக்கு நூறு என்று மார்தட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு அளவுகோலும் நம் மேல் விழுந்தது. பதினைந்து வயது மாணவர்களுக்காக உலக நாடுகள் சேர்ந்து நடத்தும் பிசா என்ற தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. புத்தகக் கணக்கைக் கேட்காமல் கடை, தெரு, வீடு என்று வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கேட்பது அந்தத் தேர்வின் வழக்கம். 2011 டிசம்பரில் முடிவு வந்தது. கணக்கில் வளர்ந்த நாடுகளின் சராசரி 496. தமிழ்நாட்டின் சராசரி 351. அடிப்படை மட்டத்தை எட்டியவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேர். கலந்துகொண்ட 74 இடங்களில் நமக்குக் கடைசி வரிசைதான். கேள்விகள் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாதவை என்று சமாதானம் சொன்னார்கள். அடுத்து வந்த 2012, 2015, 2018ஆம் ஆண்டுச் சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவே இல்லை. தராசு சரியில்லை என்று சொல்லிவிட்டு நிறுவைக்கே போகாமல் இருந்துவிட்டோம்.

இப்படிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் ராமானுஜனை இழுத்துவிடுவார். அவர் பிறந்தது நம் ஈரோட்டில், 1887 டிசம்பர் 22ஆம் தேதி, தாயைப் பெற்றவர்கள் வீட்டில். வளர்ந்தது கும்பகோணம். மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். ராமானுஜனைத் தூண்டிவிட்டது என்று சொல்லப்படும் புத்தகம், கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த சூத்திரத் திரட்டு. கிட்டத்தட்ட ஐயாயிரம் சூத்திரங்கள். நிரூபணம் என்பது பெயரளவுக்குத்தான். கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த தனிப்பயிற்சி ஆசிரியர் அந்தக் கார். ஆக, அதுவும் ஒரு டியூஷன் நோட்டுத்தான். சொல்லப்போனால் வெள்ளைக்காரனுடைய எண்சுவடி. ஆகவே மனப்பாடத்தின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு வாய் வரவில்லை. அப்பாருவும் மனப்பாடம்தான் செய்தார். அவர் மனப்பாடம் செய்தது களத்துக்கும் சந்தைக்கும் வந்தது. என் அண்ணன் மகனுடையது பரீட்சை மண்டபத்தின் வாசலோடு நின்றுவிட்டது.

கோயமுத்தூரில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதியில் சில வருஷம் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தாம் வகுப்பு. நாற்பதாம் நம்பர் நூல் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். 840 கஜம் ஒரு சிட்டம். ஒரு ராத்தல் எடையில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். ஆகவே நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு ராத்தலில் 33,600 கஜம் என்று மூச்சு விடாமல் சொன்னார். நம்பர் ஏற ஏற நூல் மெலியும் என்று இரண்டு விரல்களை உரசிக் காட்டினார். ராத்தல் ஒழிந்து எத்தனையோ காலம் ஆகியும் நூல் நம்பர் ஒழியவில்லை. பஞ்சு வியாபாரம் இன்னும் கண்டிக் கணக்கில்தான் நடக்கிறது. கண்டிக்கு 356 கிலோ. தலைகீழ் விகிதத்தை அந்த மனிதரிடம் யாரும் தலைகீழ் விகிதம் என்று பெயர் சொல்லி நடத்தவில்லை. காந்தியடிகள் 1937இல் வார்தாவில் சொன்ன ஆதாரக் கல்வியும் ஏறக்குறைய இதுதானே? பிள்ளை தக்ளியில் நூற்கட்டும், நூற்றதை எண்ணட்டும், எண்ணியதிலிருந்து கணக்குக் கற்கட்டும் என்றார். திருப்பூர்க்காரரான அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை ராஜதானியின் கல்வி மந்திரியாக இருந்தபோது இதற்காகப் பாடுபட்டார். பெற்றோர்கள் ஒப்பவில்லை. நூற்கிற வேலைக்கா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கள் பண்ணையத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்றவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவருடைய பேத்தி இன்று ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சென்ற வருஷம் ஊர்த் திருவிழாவில் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வகுத்தல் வரவில்லை என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எண்சுவடி, திண்ணைப் பள்ளி, 763 என்று எடுத்து விட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தத் திண்ணையில எங்க தாத்தாவுக்கு இடமில்லைங்களே சார்" என்றாள்.

நான் பேச்சை மாற்றினேன். அவள் மாற்ற விடவில்லை. "கால், அரைக்கால்னு கரும்பலகையில எழுதிக் காட்டுனாப் பசங்களுக்கு மண்டையில ஏறறதில்லைங்க. உங்க வீட்டுல அந்தப் பழைய படி, உழக்கெல்லாம் இன்னும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

இருந்தன. அட்டத்தில் தேடியபோது படி, உரி, உழக்கு மூன்றும் பச்சை பூத்துக் கிடந்தன. ஆழாக்கை மட்டும் காணவில்லை. புளி போட்டுத் துலக்கிக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகள் பள்ளி மைதானத்து மணலை உழக்கில் அள்ளிப் படியில் கொட்டி, நாலு உழக்கு ஒரு படி என்று தாங்களே கண்டுபிடித்தார்களாம். ஆழாக்குக்குப் பதிலாக ஒரு டீ டம்ளரில் கோடு கிழித்துக்கொண்டார்களாம். ஒரு வருஷம் ஆகிவிட்டது. படியும் உழக்கும் இன்னும் திரும்பி வரவில்லை. நானும் கேட்கவில்லை.